இன்ஜின் ஏத்தியாச்சு, வண்டி எடுக்க மாட்டேங்குது: எங்கிருந்து தேடுவது?

களக்காட்டுப் பக்கம் வாழைத்தார் ஏற்றுகிற என் டாடா 407 லாரிக்குச் சில வருஷம் முன்னால் இன்ஜின் மாற்றினோம். பழைய இன்ஜினில் பிளாக் கீறல் விட்டு, ஆயிலும் தண்ணீரும் கலந்து பால் காபி நிறத்தில் வர ஆரம்பித்திருந்தது. ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் என்று சொல்லி ஒன்றைப் பழைய சாமான் கடையில் வாங்கினேன். பட்டறையில் ஒரே பகலில் இறக்கி ஏற்றிவிட்டார்கள். சாயங்காலம் சாவியைத் திருப்பினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. மறுபடி திருப்பினேன், மறுபடி ‘டக்’. ஹாரனை அழுத்திப் பார்த்தால் கணீரென்று அடிக்கிறது. ஹெட்லைட்டும் மங்கவில்லை.

“பேட்டரி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. இன்ஜின்தான் ஜாம். எறக்கிட வேண்டியதுதான்” என்றார் மெக்கானிக்.

எனக்கு மனசு கேட்கவில்லை. இன்னொரு தடவை சாவியைத் திருப்பிப் பிடித்தேன். வெளியே நின்ற கிளீனர் பையன் “அண்ணாச்சி, பொக வருது!” என்று கத்தினான். புகை சைலன்சரில் வரவில்லை. டேஷிலிருந்து டீசல் பம்புக்குப் போகிற, இன்ஜினை நிறுத்த இழுக்கிற ஸ்டாப் கேபிளில் வந்தது. சுண்டுவிரல் கனம்கூட இல்லாத அந்தக் கேபிளின் மேலுறை இளகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த கடையில் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிற பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். கேட்டது ஒரே கேள்விதான்: “ஏல, எர்த் பட்டைய எங்கல வச்சிய?” முன் பம்பர் மேல், பனியன் வேஸ்ட்டுக்கு அடியில் அது கிடந்தது. எடுத்து மாட்டினோம். இன்ஜின் இரண்டு சுற்றில் பிடித்துக்கொண்டது.

அன்றைக்குப் படித்த பாடத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இன்ஜின் மாற்றிய வண்டி எடுக்கவில்லை என்றால் முதலில் இன்ஜினுக்குள் தேடாதீர்கள். எதையெல்லாம் கழற்றினோமோ, எதையெல்லாம் திரும்ப மாட்டினோமோ, அங்கே தேடுங்கள். வயர், பைப், கேபிள், போல்ட் என்று ஒரு இன்ஜினை இறக்கி ஏற்றுவதில் முப்பது நாற்பது இணைப்புகள் கைக்கு வரும். குற்றவாளி பெரும்பாலும் அதில் ஒன்றுதான்.

எந்த வண்டிக்கு இது பொருந்தும்

மெக்கானிக்கல் டீசல் பம்ப் வைத்த பழைய டீசல் வண்டிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். டாடா 407, 709, 1210, 1612, அசோக் லேலண்ட் காமெட் இந்த மாதிரி. டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்) 1954-ல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு சேர்ந்து லாரி கட்ட ஆரம்பித்தது. ஒப்பந்தம் 1969-லேயே முடிந்துவிட்டது. ஆனாலும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் அது இன்னும் ‘பென்ஸ் வண்டி’தான். அதே மாதிரி பம்ப் என்றால் ‘மைக்கோ பம்ப்’. அந்தக் கம்பெனி 2008-லேயே பாஷ் என்று பெயரை மாற்றிக்கொண்டது வேறு கதை. இந்தப் பழைய தலைமுறை வண்டிகளில் உள்ள நல்ல விஷயம், எல்லாவற்றையும் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம். கம்ப்யூட்டர் வேண்டாம்.

காமன் ரெயில் இன்ஜின் (கம்ப்யூட்டர் டீசலைக் கட்டுப்படுத்துகிற வகை) வைத்த புது வண்டியாக இருந்தால் இதைப் படித்துவிட்டுக் கை வைக்காதீர்கள். அந்தப் பைப்பில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல் போகும். நட்டைத் தளர்த்திப் பார்க்கிற பழைய பழக்கம் அங்கே விரலைக் காவு வாங்கும்.

சாவியைத் தொடுவதற்கு முன்னால்

கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். புதிதாக மாட்டிய இன்ஜினில் கிளட்ச் சரியாக விடுகிறதா என்று நமக்கு இன்னும் தெரியாது. கியரில் கிடந்தால் செல்ஃபே (இன்ஜினைச் சுற்றிவிடுகிற ஸ்டார்ட்டர் மோட்டார்) வண்டியை நகர்த்திவிடும்.

ஏர் ஃபில்டர் பைப்பைக் கழற்றி, இன்ஜின் காற்று இழுக்கிற வாயைத் திறந்து பாருங்கள். தூசி போகாமல் இருக்க யாராவது துணியை அடைத்து வைத்திருப்பார்கள், எடுக்க மறந்திருப்பார்கள். சிரிக்காதீர்கள், நானே எடுத்திருக்கிறேன். அந்த வாயை மூடுகிற அளவுக்கு ஒரு கனமான பலகைத் துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பம்புக்குள் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற கம்பி சிக்கிக்கொண்டு இன்ஜின் கட்டுப்பாடில்லாமல் ஓட ஆரம்பித்தால் சாவி நிறுத்தாது, காற்றை அடைத்தால்தான் நிற்கும். பலகையால் மூடுங்கள், உள்ளங்கையால் மூடாதீர்கள்.

ஆயில், ரேடியேட்டர் தண்ணீர் இரண்டையும் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

முதல் கேள்வி: சுற்றுகிறதா, சுற்றவில்லையா?

‘எடுக்கல’ என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவோம். அதற்குள் மூன்று வேறு வேறு வியாதி இருக்கிறது. செல்ஃப் அடித்தால் இன்ஜின் அசையவே இல்லை என்பது ஒன்று. முக்கி முனகி மெதுவாகச் சுற்றுவது இரண்டு. நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்பது மூன்று. முதல் இரண்டுக்கும் டீசலோடு சம்பந்தமே இல்லை. மூன்றாவதுக்குப் பேட்டரியோடு சம்பந்தம் இல்லை. இதைப் பிரிக்காமல் நாசலை (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற முனை) கழற்ற ஆரம்பித்தால் ஒரு நாள் வீண்.

சுற்றவில்லை அல்லது மெதுவாகச் சுற்றுகிறது

ஒரு மல்டிமீட்டர் வாங்கி வையுங்கள். இன்ஜின் வாங்கிய காசில் இது ஒரு டீ செலவு.

ஓய்வாக இருக்கிற 12 வோல்ட் பேட்டரி நிறைந்திருந்தால் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே இருந்தால் அது காலி என்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் வேலை முடிய ஒரு வாரம் பத்து நாள் ஆகியிருந்தால் பேட்டரி இறங்கித்தான் இருக்கும். இனி ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லி, பேட்டரி முனையிலேயே மீட்டரைப் பிடித்துப் பாருங்கள். ஒன்பதரைக்குக் கீழே விழுந்தால் பேட்டரி சோர்ந்திருக்கிறது அல்லது செல்ஃபுக்குத் தாங்க முடியாத பாரம் இருக்கிறது. 24 வோல்ட் வண்டி என்றால் எல்லாக் கணக்கையும் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

விழவே இல்லை, 12-க்குப் பக்கத்திலேயே நிற்கிறது, ஆனாலும் ‘டக்’ என்கிறதா? என் வண்டிக்கு வந்தது அதுதான். பேட்டரியில் கரண்ட் இருக்கிறது, போகத்தான் வழியில்லை. இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கரண்டைக் கடத்தாது. சேஸுக்கும் இன்ஜினுக்கும் நடுவே பின்னல் பட்டையோ கனத்த வயரோ ஒன்று இருக்க வேண்டும், அதுதான் எர்த் பட்டை. அது இல்லையென்றால் செல்ஃப் இழுக்கிற நூற்றுக்கணக்கான ஆம்பியரும் கிடைத்த இரும்பு வழியாகத் திரும்பப் பார்க்கும். ஸ்டாப் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள் என்று எது இன்ஜினைத் தொடுகிறதோ அது சூடாகும். ஹாரனும் லைட்டும் சேஸிலேயே எர்த் ஆகிவிடுவதால் அவை பாட்டுக்கு வேலை செய்யும். அதை நம்பித்தான் என் மெக்கானிக் ஏமாந்தார்.

சோதனை ஒரு நிமிஷ வேலை. கனத்த ஜம்பர் கேபிள் ஒன்றின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இரும்பிலும் கடித்துவிட்டு செல்ஃப் அடியுங்கள். சுற்றினால் முடிந்தது விஷயம். கேபிள் இல்லையென்றால் மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை பிளாக்கிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. இதே மாதிரி பேட்டரி பிளஸுக்கும் செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கும் நடுவிலும் பார்க்கலாம்.

பட்டை இருந்தும் எர்த் வராமல் போகிற இன்னொரு காரணம் பெயின்ட். இன்ஜின் மாற்றும்போதே சேஸுக்கும் கறுப்பு பெயின்ட் அடித்து விடுவது நம் பட்டறைகளில் ஒரு மரியாதை. பட்டை உட்காருகிற இடத்தை எமரி போட்டுப் பளபளவென்று சுரண்டிவிட்டு மாட்டுங்கள். செல்ஃப் மோட்டார் பெல் ஹவுசிங்கில் (இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற கூடு) உட்காருகிற முகத்துக்கும் இதே வைத்தியம்.

எர்த் சரி, பேட்டரி சரி, இன்னும் முக்குகிறது என்றால் செல்ஃபின் தகட்டைப் படியுங்கள். வாங்கி வந்த இன்ஜின் 24 வோல்ட் வண்டியிலிருந்து வந்து, அதன் செல்ஃபும் கூடவே வந்திருந்தால் நம் 12 வோல்ட்டில் அது கிழவன் மாதிரிதான் சுற்றும். தலைகீழாக இருந்தால் இன்னும் மோசம்: ஜோராகச் சுற்றும், கொஞ்ச நாளில் கருகும். ஃப்ளைவீலும் வேறு இன்ஜினுடையதாக இருந்தால் ரிங் கியர் பல் எண்ணிக்கை ஒத்துப்போகாமல் ‘கர்ர்’ என்று அரைக்கும். அந்தச் சத்தம் கேட்டால் இரண்டாம் முறை அடிக்காதீர்கள். பழைய செல்ஃபையும் பழைய ஃப்ளைவீலையும் எடைக்குப் போடாமல் வண்டி ஓடுகிறவரை வைத்திருங்கள்.

கடைசியாக, இன்ஜின் உண்மையிலேயே ஜாமா என்று பார்ப்பது. ஸ்டாப் நாபை இழுத்து வைத்து, முன் புல்லி நட்டில் நீளமான கைப்பிடி போட்டு, இன்ஜின் ஓடுகிற திசையில் கையால் சுற்றுங்கள். நாலு சிலிண்டர் என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை கனமாக ஏறி இறங்க வேண்டும். சொல்லிவைத்த மாதிரி ஓர் இடத்தில் கல்லாக நின்றால் பலம் காட்ட வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீரோ டீசலோ தேங்கியிருக்கலாம். நாசல்களைக் கழற்றிவிட்டுச் சுற்றினால் பீய்ச்சி வெளியே அடிக்கும். முகத்தை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

கியர்பாக்ஸை மாட்டும்போது இடைவெளி விட்டு நின்றதா, அதைப் போல்ட் போட்டு இறுக்கி இழுத்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். பெல் ஹவுசிங் கை அழுத்தத்தில் வந்து ஒட்ட வேண்டும். போல்ட்டால் இழுத்திருந்தால் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் முனை கிராங்கை முட்டிக்கொண்டு நிற்கலாம், கிளட்ச் பிளேட் திருப்பிப் போட்டிருக்கலாம். அந்தப் போல்ட்டுகளைச் சற்றுத் தளர்த்தியதும் இன்ஜின் கையால் சுற்றினால் இறக்க வேண்டியது கியர்பாக்ஸைத்தான், இன்ஜினை அல்ல.

நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை

இப்போது சைலன்சர் வாயைப் பாருங்கள். ஓர் ஆளைப் பின்னால் நிறுத்திவிட்டுப் பத்து வினாடி செல்ஃப் அடியுங்கள். புகையே இல்லையா? டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெள்ளைப் புகை, கண்ணை எரிக்கிற, எரியாத டீசல் வாடையா? டீசல் போகிறது, எரியவில்லை. டைமிங் (டீசல் பீய்ச்சுகிற நேரம்), கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படுவது), இரண்டில் ஒன்று. கறுப்புப் புகையோடு திணறினால் காற்று அடைபட்டிருக்கிறது. இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

ஒன்றைக் கறாராகப் பழகுங்கள். ஒரு தடவைக்குப் பதினைந்து வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள், நடுவே இரண்டு நிமிஷம் விடுங்கள். இன்ஜின் எடுக்காத வண்டி என்று வந்து, கடைசியில் செல்ஃப் எரிந்த வண்டியாகவும் ஆகிப்போன கதைகள் நிறைய.

புகை இல்லை: டீசல் எங்கே நின்றது?

முதலில் ஸ்டாப் லீவர். இன்லைன் பம்பில் (சிலிண்டருக்கு ஒன்றாக வரிசையாக நிற்கிற வகை) ஸ்டாப் கேபிள் நீளம் சரியாக வைக்காமல் மாட்டியிருந்தால், நாபை முழுக்க உள்ளே தள்ளினாலும் பம்பில் லீவர் பாதி ஸ்டாப்பிலேயே நிற்கும். கேபிளைக் கழற்றிவிட்டு லீவரைக் கையால் ஓட்டும் நிலைக்குத் தள்ளிவைத்து அடித்துப் பாருங்கள். ரோட்டரி பம்ப் (ஒரே தலை சுற்றி எல்லாச் சிலிண்டருக்கும் பங்கிடுகிற வகை) என்றால் அதன் தலையில் ஒற்றை வயர் போகிற ஒரு சோலனாய்டு, அதாவது கரண்டில் திறக்கிற டீசல் வால்வு, இருக்கும். சாவி போட்டதும் அதில் கரண்ட் வர வேண்டும், ‘க்ளிக்’ கேட்க வேண்டும். வயரைச் சொருக மறந்தால் நாள் முழுக்க அடித்தாலும் ஒரு சொட்டு போகாது. இந்த இரண்டும் ஐந்து நிமிஷ வேலை. இதைப் பார்க்காமல் பம்பைக் கழற்றிப் பம்ப் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது ஏர். இன்ஜின் மாற்றினால் டீசல் லைன் முழுக்கக் காலியாகித்தான் இருக்கும். டேங்கிலிருந்து வரிசையாக ஏர் எடுத்துக்கொண்டே வர வேண்டும். நடுவில் எங்கேயும் தாவக் கூடாது. ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டு, ஃபீட் பம்பில் (டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தருகிற சின்ன பம்ப்) இருக்கிற கைப்பம்பை அடியுங்கள். முதலில் புஸ் என்று காற்று, பிறகு நுரை, பிறகு குமிழி இல்லாத டீசல். அந்த மூன்றாவது வருகிறவரை நிறுத்தாதீர்கள். ஓடும்போதே ஸ்க்ரூவை மூடுங்கள். அப்புறம் பம்பின் பக்கவாட்டு ஸ்க்ரூ, அதே முறை. கடைசியாக நாசலுக்குப் போகிற பைப் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நட்டு ஓரத்தில் டீசல் துடித்துத் துடித்து வரும். வந்ததை ஒவ்வொன்றாக இறுக்குங்கள். இரண்டு மூன்று இறுக்கும்போதே இன்ஜின் இருமத் தொடங்கும். எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த நேரம் அதுதான்.

நட்டு தளர்ந்த பைப்புக்கு நேரே கையை நீட்டாதீர்கள். நாசல் திறக்கிற அழுத்தம் 200 பார் அளவில் இருக்கும். தோலைத் துளைத்து டீசலை உள்ளே ஏற்றிவிடும். வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், ஆனால் அது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம்.

ஏர் எடுத்து மூடிய பிறகும் கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏர் ஏறுகிறது என்றால் எங்கோ உறிஞ்சுகிறது. பழைய செம்பு வாஷர்களைத் திரும்பப் போட்டிருந்தால் முதல் சந்தேகம் அவற்றின் மேல். ஒரு முறை நசுங்கிய வாஷர் மறுமுறை சரியாக உட்காராது. புது வாஷர் கிடைக்காத நேரத்தில் பழையதை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி ஆற வைத்தால் இளகும், அவசரத்துக்கு ஆகும். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரையுள்ள பகுதியில் விரிசல் இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். அதனால் கண்ணுக்குத் தெரியாது. அங்கே ஒரு முழம் தெளிவான பிளாஸ்டிக் டியூபைத் தற்காலிகமாகச் சொருகிப் பாருங்கள். குமிழி ஓடுவது தெரிந்துவிடும்.

இதைவிட எளிய வழி, நான் கேன் வைத்தியம் என்று சொல்வது. சுத்தமான டீசல் ஐந்து லிட்டரை ஒரு கேனில் ஊற்றி, கேபின் உயரத்தில் கட்டி, அதிலிருந்து நேராக ஃபீட் பம்புக்கு ஒரு டியூப் கொடுங்கள். ரிட்டர்ன் டியூபையும் அதே கேனில் விடுங்கள். இன்ஜின் பிடித்து ஒழுங்காக ஓடினால் பம்பும் நாசலும் நிரபராதிகள். குற்றம் டேங்கிலும் லைனிலும்தான்.

டேங்கில் என்ன தப்பு வரும்? பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஓட்டுகிற தெரிந்தவர் ஒருவரின் வண்டி, இன்ஜின் மாற்றியதிலிருந்து டேங்க் நிறைந்திருந்தால் ஓடும், பாதிக்குக் கீழே போனால் நின்றுவிடும். ஃபீட் பம்பை இரண்டு தடவை மாற்றினார். கடைசியில் பார்த்தால் போகிற பைப்பையும் திரும்புகிற பைப்பையும் மாற்றி மாட்டியிருந்தார்கள். பல டேங்குகளில் ரிட்டர்ன் பைப் மேலேயே நின்றுவிடும், அடிவரை போகாது. டீசல் அதற்குக் கீழே இறங்கியதும் பம்ப் காற்றைத்தான் இழுத்திருக்கிறது. ஃபீட் பம்பிலேயே டீசல் உள்ளே வருகிற வாயும் வெளியே போகிற வாயும் மாறிப்போவதும் உண்டு. அதன் மேல் அம்புக்குறி இருந்தால் அதைப் பாருங்கள்.

பம்பில் டீசல் வருகிற பாஞ்சோ போல்ட்டும் (நடுவில் துளை உள்ள போல்ட்) ரிட்டர்ன் போகிற போல்ட்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் ரிட்டர்ன் போல்ட்டுக்குள் ஸ்பிரிங் வைத்த வால்வு இருக்கும், பம்புக்குள் அழுத்தத்தைப் பிடித்து வைப்பது அதன் வேலை. இடம் மாறினால் டீசல் உள்ளேயே வராது.

நம் பக்கத்துக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். ஆனி ஆடியில் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் பிடித்துக்கொண்டால் அரை டேங்கோடு மாதக்கணக்கில் நின்ற வண்டியில் டேங்க் சுவரெல்லாம் வியர்த்து அடியில் தண்ணீர் சேரும், துருவும் சேரும். இன்ஜின் பணத்துக்காக வண்டி காத்துக் கிடந்திருந்தால் டேங்க் அடி நட்டைத் திறந்து ஒரு லிட்டரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வையுங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைபட்டிருந்தாலும் டீசல் வராது. மூடியைத் திறந்து வைத்து ஒரு தடவை அடித்துப் பார்த்தால் தெரியும்.

வெள்ளைப் புகை: டைமிங்

இன்ஜின் மாற்றும்போது பம்பைக் கழற்றி மாட்டியிருந்தால் மட்டும் இங்கே வாருங்கள். பம்ப் இன்ஜினோடு சேர்ந்தே வந்து, யாரும் தொடவில்லை என்றால் டைமிங் தானாக மாறாது.

நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் பம்ப் ஒரு சுற்று சுற்றும். அதனால் முதல் சிலிண்டர் பிஸ்டன் மேலே வருவது ஒரு தடவை கம்ப்ரஷனில், இன்னொரு தடவை எக்ஸாஸ்டில். புல்லியில் குறி இரண்டு தடவையும் ஒரே இடத்தில்தான் நிற்கும். குறியை மட்டும் நம்பிப் பம்பை மாட்டினால் பாதிக்குப் பாதி வாய்ப்பு அரைச் சுற்று தப்பிப்போவதற்கு. அப்படித் தப்பினால் இன்ஜின் ஜோராகச் சுற்றும், வெள்ளையாகப் புகைக்கும், சாமி வந்தாலும் பிடிக்காது.

பிரித்தறிய, வால்வை அழுத்துகிற ராக்கர்களை மூடியிருக்கிற ராக்கர் கவரைக் கழற்றுங்கள். நாலு சிலிண்டர் இன்ஜினில் நாலாவது சிலிண்டரின் இரண்டு வால்வையும் பார்த்துக்கொண்டே கையால் சுற்றுங்கள். எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடிகிற நேரமும் இன்டேக் திறக்கத் தொடங்குகிற நேரமும் சந்திக்கிற இடத்தில் முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் மேலே நிற்கிறது. அப்போது முதல் சிலிண்டரின் இரண்டு ராக்கரும் கையால் ஆட்டினால் லொடலொடவென்று ஆடும். ஆறு சிலிண்டர் என்றால் ஆறாவதைப் பார்க்க வேண்டும். இங்கிருந்து இன்ஜினைப் பின்னோக்கித் திருப்பி, இன்ஜின் தகட்டிலோ கையேட்டிலோ சொன்ன டிகிரியில் பம்ப் குறியைப் பொருத்த வேண்டும். இந்த டிகிரி இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், டீக்கடையில் கேட்டு வைக்கிற எண் இல்லை. நுணுக்கமாக வைக்கப் பம்ப் வேலை தெரிந்த ஆளையே கூப்பிடுங்கள். அரைச் சுற்று தப்பியிருக்கிறதா என்று நீங்களே பார்த்துச் சொன்னால் அவர் கூலி பாதியாகும்.

நாசல் பைப் வரிசையும் இங்கே வரும். நாலு சிலிண்டருக்கு 1-3-4-2, ஆறுக்கு 1-5-3-6-2-4 என்பது எரியும் வரிசை. இன்லைன் பம்பில் பைப்புகள் வளைந்த வளைவிலேயே தன் இடத்தைச் சொல்லிவிடும். ரோட்டரியில்தான் மாறிப்போகும். கழற்றும்போதே ஒவ்வொரு பைப்பிலும் டேப் ஒட்டி எண் எழுதுங்கள்.

டைமிங் சரியாக இருந்தும் வெள்ளைப் புகை என்றால் டேப்பட் இடைவெளி, அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விட வேண்டிய சந்து. ராக்கர் அழுத்திக்கொண்டு வால்வு முழுக்க மூடாமல் இருந்தால் கம்ப்ரஷன் ஓடிப்போகும். அதுவும் சரியென்றால் அப்போதுதான் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்து, வாங்கின கடைக்குப் போய்ச் சண்டை போட வேண்டும்.

கறுப்புப் புகை, திணறல்

சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். அடைத்த துணி, அழுக்கு ஏர் ஃபில்டர், மூடிய நிலையில் சிக்கிக்கொண்ட எக்ஸாஸ்ட் பிரேக்கின் பட்டாம்பூச்சி வால்வு, சைலன்சருக்குள் எலியோ குளவியோ கட்டிய கூடு. சைலன்சரை மேனிஃபோல்டில் தளர்த்திவிட்டு அடித்தால் இன்ஜின் பிடிக்கிறதா என்று பார்த்தால் போதும்.

செய்யக் கூடாதவை

ஏர் இன்டேக்கில் பந்தம் காட்டுவது, சட்டென்று பற்றிக்கொள்கிற ஈத்தர் ஸ்ப்ரே அடிப்பது. இமயமலையில் இதற்கு ஒரு நியாயம் இருக்கலாம். மார்கழி விடியலிலும் நம் ஊரில் டீசல் இன்ஜின் எடுக்காத அளவுக்குக் குளிர் கிடையாது. இங்கே ஒரு வண்டி ஸ்ப்ரே கேட்கிறது என்றால் அதற்கு வேறு நோய் இருக்கிறது. ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் ஈத்தர் அடித்தால் பிஸ்டனே உடையலாம்.

டிராக்டரில் கயிறு கட்டி இழுப்பதும் அப்படித்தான். செல்ஃப் அடித்து நன்றாகச் சுற்றியும் பிடிக்காத இன்ஜின் இழுத்தாலும் பிடிக்காது. இன்ஜின் ஓடாத வண்டிக்கு பிரேக்கும் ஸ்டீரிங்கும் பாதிதான் என்பதை மறந்துவிட வேண்டாம்.

பிடித்துவிட்டது, அப்புறம்?

கடையில் நாள்பட்டுக் கிடந்த இன்ஜின் என்றால் முதல் தடவை ஸ்டாப்பை இழுத்து வைத்தபடியே பத்துப் பத்து வினாடியாக அடித்து, ஆயில் பிரஷர் ஏறிய பிறகே ஓட விடுங்கள். பிடித்ததும் உறும விடாதீர்கள். சில வினாடியில் ஆயில் பிரஷர் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் அந்த நொடியே நிறுத்துங்கள். கால் மணி நேரம் ஐடிலில் விட்டுவிட்டு, டார்ச் பிடித்துக் கீழே படுத்து எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள். முதல் ஓட்டம் லோடு இல்லாமல், பட்டறையைச் சுற்றி.

பேப்பர் வேலை ஒன்று பாக்கி. இன்ஜின் மாற்றினால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் புது எண்ணை ஏற்ற வேண்டும். ஆர்.சி.யில் ஒரு எண், இன்ஜினில் ஒரு எண் என்றால் செக்போஸ்டில் மட்டுமல்ல, விபத்து இன்சூரன்ஸிலும் மாட்டும். அதற்குக் கடையின் பில் வேண்டும், இன்ஜின் நம்பரைப் பென்சிலில் தேய்த்து எடுத்த பிரிண்ட்டும் கேட்பார்கள். அந்த நம்பர் பிளாக்கில் அடித்திருக்கிற இடம், இன்ஜினை ஏற்றிய பிறகு பம்புக்கும் பைப்புக்கும் பின்னால் போய் ஒளிந்துகொள்ளலாம். இன்ஜின் தரையில் கிடக்கும்போதே கிரீஸைத் துடைத்து, பென்சிலால் தேய்த்து, செலோடேப் ஒட்டி உரித்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மூன்று பிரதி.